துரைக் கணவாயில் பிடித்த கை

நான் இப்போது வலது கையால் சோறு சாப்பிடுவதில்லை. கரண்டியால்தான். கேட்பவர்களிடம் கையில் சொறி என்று சொல்லிச் சமாளிக்கிறேன். உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன். ஒரு சொல்கூட கூட்டிச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் என்னோடு வந்த ஜெயகாந்தனைக் கேட்கலாம்.

என் பெயர் சுமன். தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஜெயகாந்தன் என்னோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது வரலாறு படிப்பிக்கும் வாத்தியார். இந்த மலைகளுக்கு வரைபடமே இல்லாத காலத்தில், ஒரு வெள்ளைக்கார சர்வே துரை காட்டை வெட்டி, மலையைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். தோட்டத்து ஆட்கள் அதைத் துரைக் கணவாய் என்பார்கள். இன்று அந்த வழியாக யாரும் போவதில்லை. துரையின் நாட்குறிப்பிலிருந்து வரைபடம் இருந்த ஒரே ஒரு பக்கம் ஜெயகாந்தனுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து என்னை நச்சரிக்கத் தொடங்கிவிட்டான்.

போன ஒக்டோபர், ஒரு ஞாயிறு. காலை 6.40க்கு வட்டகொடையிலிருந்து நடந்தோம். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நாகலெட்சுமி அக்கா விறகு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ஜெயகாந்தனிடம் படிக்கிறாள்.

"சேர், கால்ல சவுக்காரம் பூசிக்கிட்டீங்களா? மேல அட்டை சும்மா விடாதுங்க."

உடுப்புத் தோய்க்கும் அரைக் கட்டி சவுக்காரத்தை என் கையில் திணித்தார். அவர் சொன்னது சரிதான். 9 மணிக்குள் ஆளுக்கு இருபது அட்டையாவது பிடுங்கியிருப்போம்.

11.40. கணவாய்க்குள் நுழைந்தோம். மூடுபனி இறங்கியது. தரையெல்லாம் ஈரம். ஆனால் ஒரு அட்டைகூட காலில் ஏறவில்லை.

முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கீழே பார்த்தேன்.

பாறை முழுக்க அட்டைகள். எல்லாமே விரல் மொத்தத்துக்கு ஊதி, நகர முடியாமல் கிடந்தன. வயிறு முட்டக் குடித்தவை. எதைக் குடித்தன? அங்கே மாடு இல்லை. மரை மான் இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

சப்பாத்துக் கால் பட்ட இடமெல்லாம் 'பொளக்... பொளக்...' என்று வெடித்தன. வந்த இரத்தம் சிவப்பில்லை. கறுப்பு. கொழகொழவென்று.

அந்த நாற்றம்... சீழ் பிடித்த புண்ணோடு எங்கள் கடைக்கு எத்தனையோ பேர் வருவார்கள். நான் முகம் சுளித்ததில்லை. இது வேறு. வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டியது. சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே பைக்குள் தள்ளினேன்.

"திரும்பிருவோமாடா?"

"இன்னும் அரை மணித்தியாலம்தான். அந்தப் பக்கம் இறங்கிருவோம்."

மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் போனான்.

12.15. பாதையின் குறுக்கே ஆழமான ஒரு வெடிப்பு. ஜெயகாந்தனைப் பனி மறைத்துவிட்டது. நான் வெடிப்பைத் தாண்டினேன்.

கீழேயிருந்து குரல்.

"கை குடுங்க..."

ஜெயகாந்தன்தான் வழுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்தேன். மண்டியிட்டு வலது கையை நீட்டினேன்.

பிடித்தான்.

சில்லென்ற கை. தண்ணீரில் ஊறிய பாண் ரொட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. இழுத்தேன். கனம் ஏறியது. பிறகு...

'சளக்.'

தோல் கழன்று வந்தது. கையுறை கழல்வது மாதிரி. நகங்களோடு. என் விரல்களில் சுற்றிக்கொண்டது.

அதற்குள்ளே இருந்த ஏதோ ஒன்று... இன்னும் என்னை விடவில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஜெயகாந்தன் என்னிடம் 'குடுடா' என்பான். வாழ்நாளில் 'குடுங்க' என்று சொன்னதில்லை.

"டேய் சுமன்! எங்கடா நிக்கிற?"

அது முன்னாலிருந்து. பாதையிலிருந்து.

உதறினேன்.

ஓடினேன். வாந்தி எடுத்துக்கொண்டே ஓடினேன்.

பின்னால்... "கை குடுங்க..."

கோபமில்லை. கெஞ்சல்.

3.05க்குத் தார் ரோட்டுக்கு வந்தோம். ஜெயகாந்தன் என் கையைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரோட்டோரம் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் அந்த அரைக் கட்டி சவுக்காரமும் கரைந்துபோகும்வரை கழுவினேன். நாற்றம் போகவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. அவன் உட்காரவில்லை. தலவாக்கலைவரை நின்றுகொண்டே வந்தான்.

இரண்டு மாதம் கழித்து, கொழும்பில் பழைய புத்தகம் சேர்க்கும் ஒருவர் அந்த நாட்குறிப்பின் மற்றப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். ஜெயகாந்தன் கடைக்கு வந்தான். போனைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான்.

'சாமான் சுமந்து வந்த கூலி ஒருவன் கணவாய் வெடிப்பில் விழுந்துவிட்டான். மூன்றாம் நாள்தான் கண்டோம். புண்கள் அழுகியிருந்தன. இழுத்தபோது கைத்தோல் கழன்று வந்தது. ஆட்கள் அருவருத்துத் தொட மறுத்தார்கள். கை கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவனை, மழை வலுத்ததால் விட்டுவிட்டுப் புறப்படச் சொன்னேன்.'

நிறுத்தினான்.

"அவ்வளவுதானாடா?"

"இன்னொரு பக்கம் இருக்கு."

"வாசி."

அவன் குரல் இறங்கியது.

'பதினொரு நாள் கழித்து அதே வழியாகத் திரும்பினோம். நாற்றம் தாங்காமல் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டோம். வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தேன். எலும்பும் புழுவும்தான் மிச்சம். ஆனால் கூப்பிடும் குரல் நிற்கவில்லை. ஆட்களை வேகமாக நடக்கச் சொன்னேன்.'