நிலாக் கல்லும் நைனாவின் கேள்வியும்

நிலாவில் தங்கம் இருக்கிறதா என்று நான் கேட்டபோது வகுப்பே சிரித்தது. அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் நிலாவில் இறங்கி, அங்கிருந்து கல் எடுத்துக்கொண்டு வந்திருந்த சமயம். அறிவியல் டீச்சர் கரும்பலகையில் இரண்டு பட்டியல்கள் எழுதியிருந்தார். விண்வெளியில் பெரும்பங்கு ஹைட்ரஜன், அடுத்தது ஹீலியம், மற்ற தனிமங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு சிட்டிகைதான். பூமியின் பாறையில் கதையே வேறு. அங்கே ஆக்சிஜன் முதலில், சிலிக்கன் இரண்டாவது, பிறகு அலுமினியம், இரும்பு என்று போனது. இரண்டு பட்டியலிலும் தங்கத்தைக் காணோம். தங்கவயலில் பிறந்த எனக்கு அது சொந்த ஊரையே விட்டுவிட்டது போல இருந்தது.

"தங்கம் ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதனால இங்க வராது" என்றார் டீச்சர்.

"நிலாவுல, டீச்சர்?"

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் சொன்னார்: "அந்தக் கல்ல பெங்களூர்ல காட்டுறாங்களாம். பார்த்துட்டு வந்து நீயே எங்களுக்குச் சொல்லு."

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தங்கச் சுரங்கத்தின் அடியில் பாறையில் மெஷினால் துளை போடுவது அவருக்கு வேலை. ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே ஏறி, ஊரிகத்தில் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு வரும்போது தூசி படிந்து புருவம்கூட வெளுத்திருக்கும். அன்று அவர் முகம் கழுவி முடிப்பதற்குள் நான் பெங்களூர்ப் பேச்சை ஆரம்பித்துவிட்டேன்.

அம்மாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பௌர்ணமிதோறும் புத்த விகாரைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறவள் அவள். "பௌர்ணமிக்குக் கும்புடுறோம். அதுல போயி கல்லப் பேத்துக்கினு வந்துக்கிறாங்க. அத வேற செலவு பண்ணிக்கினு போயி பாக்கணுமா? உங்க நைனா தெனம் பாக்குறது இன்னா? கல்லுதான?" என்றாள்.

நான் விடவில்லை. நான்கு நாள் சாயங்காலமும் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தேன். சாப்பிடும்போதும் ஒப்பித்தேன். அம்மா கரண்டியைக் காட்டி மிரட்டினாள். ஐந்தாம் நாள் நைனா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஞாயித்துக்கெழம போலாம். ஷிப்ட் மாத்திக்கிறேன்" என்றார். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்துவிட்டு உடனே வேலைக்குத் திரும்பிய மனிதர். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

காலை ரயிலில் போனோம். பெங்களூரில் அந்தக் கட்டடத்தின் காம்பவுண்டைச் சுற்றி ஜனங்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசையின் வாலைத் தேடிப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. வெயிலில் ஒரு அடி, ஒரு அடியாக நகர்ந்தோம். கதவுக்கு இருபது பேர் மிச்சமிருக்கும்போது காவலாளி கையை விரித்தார். நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

நைனா நகரவில்லை. நாளைக்கு நான் பூமிக்கு அடியில் இருப்பேன், இன்றைக்குத்தான் மேலே இருக்கிறேன் என்று கன்னடத்தில் பதில் சொன்னார். காவலாளி மறுபடியும் விரட்டினார். நைனா குரலை உயர்த்தவும் இல்லை, காலை எடுக்கவும் இல்லை. சொன்னதையே திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவை காவலாளி அவர் கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சீக்கிரம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்.

கண்ணாடிக்குள் இருந்தது கட்டைவிரல் அளவு கல். கறுப்பும் சாம்பலுமாக ஒரு நிறம். இதற்காகவா நான்கு நாள் மிரட்டல் வாங்கினேன் என்று இருந்தது. நைனா மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நம்ம கருங்கல்லு மாதிரியேதான் கீது" என்றார்.

பக்கத்தில் விளக்கம் சொல்ல நின்ற இளைஞர் அதைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். "சரியாச் சொன்னீங்க. இதுலயும் ஆக்சிஜன், சிலிக்கன்தான் அதிகம். இரும்பு இருக்கு, டைட்டானியம் நம்ம ஊர்க் கல்லைவிடக் கூடவே இருக்கு. தண்ணி மட்டும் சுத்தமா இல்ல."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தங்கம் இருக்கா சார்? நாங்க தங்கவயல்" என்றேன்.

"இருக்கும்மா. ஆனா தோண்டுற அளவுக்கு இல்ல. உங்க ஊருக்குப் போட்டி இல்லன்னு போய் சொல்லு."

வந்த வேலை முடிந்தது. நான் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை.

"சார், இந்தக் கல்லு தூசி எப்பிடி இருக்கும்?"

"தூசியா? மாவு மாதிரி. உடுப்பெல்லாம் ஒட்டிக்கிச்சாம். கேபினுக்குள்ள வந்து ஹெல்மெட்டைக் கழட்டினப்ப வெடிமருந்து வாசனை அடிச்சதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க."

"எங்களுக்கும் அந்த வாசனதான்" என்றார் நைனா. பிறகு, "அவங்களுக்கு இருமல் வந்துதா சார்?" என்று கேட்டார்.

அங்கே மிச்சமிருந்த நாலைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். நைனா அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்டார். இளைஞரின் சிரிப்பு நின்றுபோனது.

"தெரியலீங்க. நான் அப்படி எதுவும் படிக்கல. வெளிய இருந்தவரைக்கும் அவங்க சுவாசிச்சது தனிக் காத்து. முதுகுலயே கட்டிக்கிட்டுப் போனாங்க."

"தனிக் காத்தா?"

"ஆமாங்க."

நைனா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "காத்தயே தனியா கட்டிக் குடுத்துக்கிறாங்க பாரு" என்று ஒரு தடவை சொன்னார். நான் எதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மேல் கோபமாக இருந்தேன்.

மறுநாள் பிரேயரில் டீச்சர் என்னைப் பேசச் சொன்னார். கல்லின் நிறம், அளவு, அதிலுள்ள தனிமங்கள், தங்கம் அதில் எவ்வளவு அற்பம் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். நைனா கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன். "சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தா என்ன கிடைக்கும்?" என்று டீச்சர் கேட்டார். "மணல்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த மாதம்தான் ஆஸ்பத்திரியில் நைனாவின் நெஞ்சைப் படம் எடுத்திருந்தார்கள். இருபது வருடமாக மூச்சோடு உள்ளே போன பாறைத் தூள் நுரையீரலில் படிந்துவிட்டது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, மெஷினைத் தூக்க முடியாமல் போய் அவரை மேலே லேசான வேலைக்கு மாற்றியபோதுதான் அம்மாவுக்கே தெரிந்தது. அன்று அவர் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது அதற்கும் பல வருடம் பிறகு. அதுவரை, நிலாக் கல்லை நாங்கள் பார்த்தது என் பிடிவாதத்தால்தான் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.