மருந்துக்குச் சாகாத புழு

அண்ணன் கிராஞ்சியில் குத்தகை நிலத்தில் கைலான் கீரை பயிரிட்டு வந்தார். நான் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். பெற்றோர் போன பிறகு மார்சிலிங் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஒரு வருடம் கீரை முழுக்க வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. எவ்வளவு மருந்தடித்தும் சாகவில்லை. அண்ணன் ஒரு டப்பா நிறையப் புழுக்களைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். மருந்தில் தோய்த்த இலையைத் தின்னக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கொழுகொழுவென்று ஊர்ந்துகொண்டிருந்தன.

சாதாரணப் பூச்சிகளோடு சேர்த்துக் கூண்டில் வைத்து வளர்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. மருந்தைத் தாங்கும் அந்தப் பூச்சிகள் வளர அதிக நாள் எடுத்தன. முட்டையும் குறைவாகவே இட்டன. விஷத்தைத் தாங்குவதிலேயே உடம்பின் பாதி பலம் போய்விடுகிறது போல. மருந்து இல்லாத இடத்தில் சாதாரணப் பூச்சிகள் அவற்றை மிஞ்சிவிட்டன.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கு அந்த மருந்த நிறுத்துங்க. சாதாரண பூச்சிதான் பெருகும். அப்புறம் அடிச்சா கேக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அண்ணன் நிறுத்தினார். சோப்புத் தண்ணீர் தெளித்தார், கையாலேயே புழு பொறுக்கினார். மாதங்கள் போயின. பக்கத்துப் பண்ணைகளில் அதே மருந்தை அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அங்கிருந்து பறந்து வரும், மருந்துக்குச் சாகாத பூச்சிகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தேக்கா சந்தைக் கடைக்காரர், "இலை எங்க இருக்கு? ஓட்டைதான் இருக்கு லா" என்று கூடைகளைத் திருப்பி அனுப்பினார். குத்தகை முடிந்தபோது அதைப் புதுப்பிக்க அண்ணனிடம் தெம்பில்லை. ஜூரோங்கில் ஒரு கிடங்கு வேலைக்குப் போனார்.

பக்கத்துப் பண்ணைகளும் பிறகு மூடப்பட்டன. சில வருடம் கழித்து அங்கே போனேன். தானாக முளைத்துக் கிடந்த கைலானிலிருந்து புழுக்களை எடுத்து வந்து அதே மருந்தைக் கொடுத்தேன். அநேகமாக எல்லாமே செத்துவிட்டன. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

மறுநாள் காலை அண்ணனிடம் சொன்னேன். தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"அப்ப நீ சொன்னது சரிதான்மா. நான்தான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கணும் லா."

தப்பு உங்களுடையதில்லை, கூண்டும் வயலும் ஒன்று என்று நினைத்தவள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்றுவரை நான் அதைச் சொல்லவில்லை.