வியாழக்கிழமை வைத்த ஐரிஷ் ஆட்டுக்கறி

பிள்ளைகளே, அம்மா அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்த்த காலத்தைப் பற்றி நீங்கள் எப்போது கேட்டாலும், அங்கே பெய்த மழையைப் பற்றித்தான் சொல்கிறாள். லீவில் வந்திருந்தபோது நான் அவளுக்கு வைத்த கறியைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். ஆகவே அதை நான் எழுதுகிறேன். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், என் படிப்பு நின்றுவிட்டது. பிழை இருந்தால், பெரியவளே, நீ திருத்திக்கொள்.

அப்போது பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகப்போன நேரம். அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் மூன்று வாரம் லீவு எடுத்துக்கொண்டு மலேசியாவுக்கு, நம் பண்டமாரான் வீட்டுக்கு வந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை விட மனமில்லாமல், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கேட்டிருந்தார்கள். லீவின் கடைசிச் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு அவள் இங்கேயே இருக்க வேண்டும். ஆனால் வாய் திறக்க முடியாது. முதல் தடவை விமானம் ஏறும் முன்பே, "இந்த விஷயத்துல நான் குறுக்க நிக்க மாட்டேன், நீ எடுக்கறதுதான் முடிவு" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அங்கே அவளுக்கு நல்ல பெயர். வார்டில் அவளைத் தேடி வந்து பேசுகிறவர்கள் இருந்தார்கள். அதைக் கெடுக்கிற வார்த்தை என் வாயிலிருந்து வரக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

வந்த நாள் முதல் சொந்தக்காரர்கள் அவளை வரிசை போட்டு அழைத்தார்கள். செராஸில் அக்கா வீட்டில் நண்டு, பிரிக்பீல்ட்ஸில் சித்தி வீட்டில் இடியாப்பமும் கோழியும். எல்லோரும் "பாவம், அங்க வெறும் ரொட்டிதானே" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஈனோ குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். சனிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தச் சாப்பாடு ஞாபகம் வந்தது. அயர்லாந்தில் அவள் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வீட்டுக்கார அம்மாள் தனியாள். ராத்திரிக்கு ஆட்டுச் சாப், அதாவது எலும்போடு தட்டையாக வெட்டிய பெரிய துண்டு, வறுத்து, அதன் மேல் வெங்காயக் குழம்பு மாதிரி ஒன்றை ஊற்றி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு வைப்பாராம். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுமாம். வீடியோ காலில் அதைச் சொல்லும்போதெல்லாம் இவள் முகம் மலர்ந்துவிடும். நான் இந்தப் பக்கம் மேகி தின்றுகொண்டு கேட்டிருக்கிறேன்.

லோரி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். துறைமுக கேட்டில் கண்டெய்னர் இறக்க வரிசையில் நின்றால் யோசிக்க நேரம் நிறைய உண்டு. அந்தச் சாப்பாட்டை நானே வைத்துக் கொடுத்தால், 'இதுவும் இங்கே கிடைக்கிறதே' என்று அவளுக்குத் தோன்றும் அல்லவா? நான் வாயைத் திறக்கவே வேண்டாம். வாக்கும் கெடாது. அப்போது இது எனக்குப் பெரிய மூளை வேலையாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நம் வீட்டு அடுப்பில் கறி ஏறாது. அப்படியென்றால் வியாழன்தான் கடைசி நாள். அன்றைக்கு அம்மா அவளுடைய அண்ணன் வீட்டு விருந்துக்கு டெங்கிலுக்குப் போயிருந்தாள். ஏழரைக்குக் கொண்டுவந்து விடுவதாக மாமா சொல்லியிருந்தார். நான் பாதி நாள் லீவு போட்டுவிட்டுக் கிள்ளானில் நாம் வழக்கமாக வாங்கும் இறைச்சிக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, சாப் இருக்கா? ஆட்டுச் சாப்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பவும் எலும்போட ஒரு கிலோ, பிரட்டலுக்குன்னுதானே கேப்பீங்க? வீட்டுக்கு வெள்ளக்கார மாப்பிள்ளை யாராச்சும் வந்திருக்காங்களா?"

"எம் பொண்ணுக்குப் பத்து வயசுண்ணே."

"அப்ப சரி லா." பெட்டியிலிருந்து தோள்பட்டைச் சாப் எட்டு எடுத்தார். கத்தியையும் எடுத்தார். "சின்னத் துண்டா போட்டுரவா?"

"வேணாம்ண்ணே, அப்படியே குடுங்க."

"அப்படியேவா? மசாலா எப்படி உள்ள எறங்கும்?"

"மசாலா இல்ல."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பாத்து பாஸ்," என்றார், நான் ஏதோ ஆபரேஷனுக்குப் போகிறவன் மாதிரி.

வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து ஹோம்வர்க் செய்துகொண்டிருந்தீர்கள். அம்மாவுக்கு அயர்லாந்துச் சாப்பாடு என்று மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை வேகப் போட்டேன். கறியைப் பாத்திரத்தில் கொட்டினேன். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. கறி என்று கண்டதும் அது தானாக மசாலா டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி மஞ்சள் தூளும் கல் உப்பும் அள்ளிப் போட்டு நன்றாகப் பிசைந்துவிட்டது. அம்மா இல்லாத இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைத்தானே செய்திருந்தது.

பெரியவள்தான் தலையைத் தூக்கினாள். "அப்பா, அயர்லாந்துல ஆடு மஞ்சக் கலர்லயா இருக்கும்?"

குனிந்து பார்த்தேன். எட்டுச் சாப்பும் கல்யாணப் பெண் நலங்குக்கு உட்கார்ந்த மாதிரி மஞ்சளாக இருந்தன.

குழாயைத் திறந்து கழுவினேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். இறைச்சியில் போனது, கொழுப்பில் போகவில்லை. இதில் இன்னொரு தப்பும் நடந்தது. சாப்பைத் துணியால் ஒற்றி, ஈரம் இல்லாமல் சட்டியில் போட வேண்டும், அப்போதுதான் மேலே சிவந்து வரும். அது எனக்குத் தெரியாது. சொட்டச் சொட்ட வெண்ணெயில் போட்டேன். அடுப்பு முழுக்க வெடித்தது. சின்னவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கறி சிவக்கவில்லை, தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்தது. தண்ணீர் வற்றும்வரை தீயைக் கூட்டி வைத்து, ஒரு வழியாகக் கொஞ்சம் நிறம் பிடித்ததும் எடுத்து வைத்தேன்.

அதே சட்டியில் நான்கு பெரிய வெங்காயத்தை நீளமாக அரிந்து போட்டு நிதானமாக வதக்கினேன். இது எனக்கு வரும். கை கறிவேப்பிலைப் பக்கம் போனது, இந்தத் தடவை பிடித்துக்கொண்டேன். வெங்காயம் சுருண்டு வந்ததும் ஒரு கரண்டி கோதுமை மாவு தூவிக் கிளறி, உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கெட்டியாக வந்தது. வாசனையும் நன்றாக இருந்தது. ஆனால் நிறம்? அம்மா சொன்ன குழம்பு காப்பி நிறம். என்னுடையது சாம்பார்.

மணி ஏழு தாண்டிவிட்டது. அலமாரியில் தேடினேன். கெட்டியான கறுப்புக் கிச்சாப் போத்தல் கண்ணில் பட்டது, மீகூன், அந்த அரிசிச் சேமியா, பிரட்டும்போது ஊற்றுகிற அதே சோயா சாறு. இரண்டு கரண்டி ஊற்றினேன். சாம்பார் நிறம் மறைந்து நல்ல பழுப்பு வந்தது. தைரியம் வந்து மிளகும் இடித்துப் போட்டேன். சாப்பை அதில் போட்டுக் கொதிக்க வைத்தேன். உருளைக்கிழங்கைத் தம்ளரின் அடியால் நசுக்கி, பாலும் வெண்ணெயும் சேர்த்து, வெங்காயத்தாள் அரிந்து தூவினேன். ஒரு தட்டில் எல்லாம் வைத்து, இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினேன். அந்த வீட்டுக்கார அம்மாளும் அப்படித்தான் மூடி வைப்பார் என்று இவள் சொல்லியிருந்தாள்.

மாமா கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அம்மா கையில் ஒரு பெரிய டிபன் கேரியரோடு உள்ளே வந்தாள்.

"இந்தாங்க, அண்ணி இறால் சம்பல் குடுத்து விட்டாங்க. எனக்கு ராத்திரிக்கு ஒண்ணும் வேணாம். தொண்டை வரைக்கும் நிக்குது."

என் மனம் விழுந்தது. அவள் மேசையைப் பார்த்தாள், அடுப்பைச் சுற்றித் தெறித்திருந்த வெண்ணெயைப் பார்த்தாள், மூடிய தட்டைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"தொறந்து பாரு."

மேல் தட்டை எடுத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. பிறகு பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்து, ஒரு துண்டைப் பிய்த்துக் குழம்பில் தொட்டு வாயில் வைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது அது இல்ல," என்றாள்.

"இல்லையா?"

"கிட்டக்கூட வரல. கிச்சாப் ஊத்துனீங்களா?"

"கொஞ்சம்."

"மஞ்சள்?"

பெரியவள் எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "மூணு வாட்டி கழுவினாரும்மா!"

அம்மா சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சொந்தக்காரர்களுக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை அது, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே இரண்டாவது துண்டைப் பிய்த்தாள். தொண்டை வரைக்கும் நிற்கிறது என்றவள் ஒரு சாப்பை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நல்லா இருக்குங்க. அது இல்லதான், ஆனா நல்லா இருக்கு. திடீர்னு எதுக்கு இதெல்லாம்?"

"சும்மாதான்."

"சும்மாவா? லீவு போட்டா?"

மேசைக்கு அடியிலிருந்து சின்னவள் தலை வெளியே வந்தது. எதற்காகச் சமைக்கிறேன் என்று அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னவனில்லை. எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியாது. "ம்மா, நீங்க மறுபடியும் போகக்கூடாதுன்னுதான் அப்பா சமைச்சாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கிழங்குச் சட்டியைப் பார்த்தேன்.

"அப்படியா?"

"குறுக்க நிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல," என்றேன்.

"அதனால ஆட்டுக்கிட்ட சொல்லி அனுப்பினீங்களா?"

நீங்கள் இருவரும் அதற்குச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. அது அடங்கியதும், சொல்ல மாட்டேன் என்று இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "எனக்கு நீ இங்க இருக்கணும். அவ்ளோதான். அப்புறம் உன் இஷ்டம்."

அவள் தட்டில் இருந்த குழம்பைக் கிழங்கோடு சேர்த்துப் பிசைந்துகொண்டே பேசினாள். "அந்தச் சாப்பாட்டப் பத்தி அடிக்கடி சொல்வேன்ல, ருசிக்காகன்னு நெனச்சீங்களா? அதுல உப்பே இருக்காது. டியூட்டி முடிஞ்சு, நனைஞ்சு போய்க் கதவத் தொறந்தா எனக்குன்னு ஒரு தட்டு இருக்கும். இங்க நர்ஸ் வேலை பாத்தப்ப அப்படி ஒரு நாள் இருந்திச்சா, சொல்லுங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். கிள்ளானில் அவள் மத்தியான ஷிப்ட் முடித்து வருவாள். வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் அரிசி களைவாள். நான் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன?" என்று கேட்பேன். அதைக் கேட்பதே அக்கறை என்று நினைத்திருந்தேன்.

"இல்ல," என்றேன்.

"கோவத்துல சொல்லல."

"தெரியும்."

"இப்பத்தான் நல்லா சமைக்கிறீங்களே," என்றாள். "நான் இல்லாம இருந்ததுல ஒரு லாபம்."

அதற்கு மேல் அன்றைக்குப் பேசவில்லை. சின்னவளுக்கு ஒரு சாப் ஊட்டிவிட்டாள். நான் அடுப்பைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கோவிலுக்குப் போனோம், வந்தோம். சாம்பாரும் கீரையும் நான்தான் வைத்தேன். அவள் மறுக்கவில்லை, சும்மா உட்கார்ந்து பார்த்தாள். லோரியை ஓட்டும்போது யார் மேலாவது ஏற்றிவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அவ்வளவு யோசனை.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து என்னைக் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருந்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அவளே சொன்னாள். மிச்சம் இருக்கிற இரண்டு மாதத்தை முடித்துக் கொடுப்பாள், அதற்கு மேல் நீட்டிக்கவில்லை, நன்றி.

"யோசிச்சுத்தான் எழுதினியா?" என்றேன். "அங்க உனக்கு எவ்ளோ மரியாதை."

"மரியாதை இருந்திச்சுதான். இப்ப அனுப்ப வேணாங்கறீங்களா?"

"அய்யோ, அனுப்பு."

அனுப்பினாள். பிறகு மடிக்கணினியை மூடாமல், கிள்ளானில் அவளுடைய பழைய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தோழிக்கு எழுத ஆரம்பித்தாள்.

"மத்தியான ஷிப்ட் வாரத்துக்கு மூணு நாள் கேக்கப்போறேன். நீங்க எந்த நாள்ல வீட்டுக்கு வெள்ளன வந்து சமைப்பீங்க?"

"திங்கள், புதன், வியாழன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாத்த முடியாது."

நான் சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். துறைமுக வேலை நேரத்தை ஒவ்வொரு வாரமாகப் பார்த்து, அந்த மூன்று நாளையும் பேனாவால் வட்டம் போட்டேன்.