நோரா ஜாடையில் ஒரு மெழுகுத் தலை

பிளாக்பள்ளி மாதா கோவில் வாசலில் மெழுகுக் கடை வைத்திருந்த ரெமிஜியஸைப் பொறாமைக்காரன் என்று மட்டும் சொன்னால் அவனுக்கே கோபம் வரும். அவ்வளவு சின்னதாகச் சொல்லிவிட்டாயே என்பான். பக்கத்துக் கடை மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. நான் அவனுடைய இருபது வருஷத்து சிநேகிதன். நான் மூக்குக்கண்ணாடி போட்ட வாரம் என்னோடு அவன் பேசவே இல்லை.

கை, கால், கண், தலை என்று மெழுகில் வார்ப்பது அவன் தொழில். காலில் புண் வந்தவர்கள் மெழுகுக் கால் வாங்கிப் புண்ணின் மேல் தொட்டு எடுத்து, மாதா பீடத்தில் நேர்ச்சைக் காணிக்கையாக வைத்து வேண்டிக்கொள்வார்கள். தலைவலி, தொண்டைவலி என்றால் கழுத்தோடு சேர்ந்த தலை. அந்தத் தலைக்கு மூக்கும் வாயும் இருக்கலாம், யாருடைய ஜாடையும் இருக்கக் கூடாது. ஜாடை வந்தால் அது நேர்ச்சை இல்லை, சூனியம். மெழுகுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு இது. ரெமிஜியஸின் அச்சில் வரும் தலைகளுக்கெல்லாம் ஒரே சப்பை மூக்குத்தான்.

ஆனால் அவன் உயிர் கடையில் இல்லை, மேடையில் இருந்தது. செப்டம்பர் திருநாளுக்கு எங்கள் நாடக சபை வருஷா வருஷம் நாடகம் போடும். எழுதி நடத்துபவர் கிளாரன்ஸ் வாத்தியார். ஆறு பெண்டாட்டி கட்டிய பழைய இங்கிலீஷ் ராஜாவின் அரண்மனைக் கதை. ராஜாவின் சந்தேகம், விஷம் கலந்த கிண்ணம், இரண்டு மூன்று கொலை, கடைசியில் ராணியின் தலை போகும். ராணியின் மெழுகுத் தலையில் ஊசி குத்தி அவளைக் கவிழ்க்கிற சூனியக்காரி மட்டும் வாத்தியாரின் சொந்தச் சரக்கு. சரித்திரத்தில் அப்படி யாரும் கிடையாது.

எங்கள் சபையில் பெண்கள் மேடை ஏறுவதில்லை. பதினோரு வருஷமாக ரெமிஜியஸ்தான் ராணி. கவுனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் வெட்டுமேடைக்கு நடக்கும்போது, வசனம் எடுத்துக்கொடுக்க நிற்கும் எனக்கே இடம் மறந்துபோகும். அவனுக்கு ஒரு வார்த்தைகூட நான் எடுத்துக்கொடுத்ததில்லை.

1936இல் புதுப் பங்குச் சாமியார் வந்தார். ஆம்பளைக்குக் கவுன் மாட்டுவது அசிங்கம், பெண்ணே பெண்ணாக நடிக்கட்டும் என்றார். பாடகர் குழுவில் பாடும் நோரா டீச்சர் ராணியானாள். ரெமிஜியஸுக்குச் சூனியக்காரி வேஷம் கொடுத்தார்கள். கிழவிக்குக் கவுன் கிடையாது, கறுப்புப் போர்வைதான் என்பதால் சாமியார் மறுக்கவில்லை.

"பதினோரு வருஷம் பொய்யா வெட்டினாங்க, சிரில். இந்த வருஷம் நெஜமாவே வெட்டிட்டாங்க" என்றான் ரெமிஜியஸ்.

ஒத்திகைக்கு மெழுகுத் தலையை அவனே செய்து கொண்டுவந்தான். துணியை விலக்கிக் காட்டினான். நோராவின் எடுப்பான மூக்கு, நோராவின் குழி விழுந்த மோவாய். நாடகத்துக்குத்தானே என்று மற்றவர்கள் பாராட்டினார்கள். அவன் எதை மீறிவிட்டான் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அந்தக் காட்சியில் ரெமிஜியஸ் நிஜமாகவே பயங்கரமாக இருந்தான். தலையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்து, சட்டென்று தொண்டையில் ஊசியை இறக்குவான். ராணி உடனே அலறி விழவேண்டும். நோரா நாளுக்கு நாள் பலமாக அலறினாள். திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் ஒத்திகைக்கு வரவில்லை. காய்ச்சல், தொண்டை வீக்கம், பேச்சே இல்லை. குரல் திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். குரல் போனால் டீச்சர் வேலையும் போச்சு. தகப்பன் இல்லாத வீட்டில் அது ஒன்றுதான் வருமானம்.

கிளாரன்ஸ் வாத்தியார் சாமியாரின் கையைக் காலைப் பிடித்து சம்மதம் வாங்கிக்கொண்டு, நேராக ரெமிஜியஸிடம் வந்தார். கவுன் திரும்பக் கிடைத்துவிட்டது. சூனியக்காரியாக வாத்தியாரே நடிப்பதாக ஏற்பாடு.

ஊசி குத்திய ஓட்டையைக் கட்டைவிரல் சூட்டில் தேய்த்து அடைத்ததாகவும், காலையில் அது திறந்திருந்ததாகவும் ரெமிஜியஸ் என்னிடம் சொன்னான். மூன்று தடவை அப்படி நடந்ததாம். நீ மெழுகில் கொழுப்பைக் கலந்து விற்பவன், அதுதான் உருகுகிறது என்று நான் கேலி செய்தேன்.

வெள்ளிக்கிழமை நோராவின் அம்மா பியாட்ரிஸ் நேர்ச்சைத் தலை வாங்கக் கடைக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். பலகையில் இருந்த அந்தத் தலையைப் பார்த்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்படியே எங்க நோரா. மாதாவே காட்டினாப்பல இருக்குது. எனக்கு இதுதான் வேணும்."

ரெமிஜியஸ் சப்பை மூக்குத் தலைகளை எடுத்து நீட்டினான். அவள் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் அவன், இது நாடகத்துக்கு வேண்டும், திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். சுத்தப் பொய். மேடையில் எந்தத் தலையை வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தத் தலை பீடத்துக்குப் போனால் ஓட்டை அடைபடும், நோராவுக்குக் குரல் வரும், ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்குள் கவுன் அவளுக்குப் போய்விடும் என்று அவன் பயந்தான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. ராணியாக அவனைத் திரும்பப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

ஞாயிறு நாலு மணிக்குத் திரை தூக்கினார்கள். வெளியே மழை, உள்ளே நிற்க இடமில்லை. ரெமிஜியஸ் வந்து நின்றதும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மூன்றாம் காட்சியில் வாத்தியார் மெழுகுத் தலையை மடியில் வைத்து ஊசியை எடுத்தார். மேடையின் மறுபக்கம் நின்றிருந்த ராணி அலறவேண்டிய இடம் அது. ராணி அலறவில்லை. ஓடிவந்து தலையைப் பிடுங்கிக்கொண்டு மேடையை விட்டுக் குதித்து, ஜனங்களின் நடுவே புகுந்து வெளியே போய்விட்டாள். நாடகத்தில் இதுவும் உண்டு என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நான் வசன நோட்டோடு பின்னாலேயே ஓடினேன்.

அடுத்த தெருவில்தான் நோராவின் வீடு. இழுபடும் கவுனைச் சேற்றோடு வாரிச் சுருட்டிக்கொண்டு ரெமிஜியஸ் உள்ளே நுழைந்ததும், பியாட்ரிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் கட்டிலருகே முட்டி போட்டு, மெழுகுத் தலையை நோராவின் தொண்டையில் தொட்டுத் தொட்டு எடுத்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். வேண்டுமென்றே ஜாடை வைத்ததையும், உன் குரல் போகட்டும் என்று நினைத்து ஊசி குத்தியதையும், திங்கட்கிழமை என்று பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். பியாட்ரிஸ் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நோரா அவன் கையை நகர்த்தினாள். குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது. இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கிச் சொன்னாள்.

"ஊசி இல்லண்ணே. நீங்க குத்துறப்போ எல்லாரும் உங்களையேதான் பாத்தாங்க. ராணி நான். என்னை ஒருத்தரும் பாக்கல. வயிறு எரிஞ்சுது. உங்கள மிஞ்சணும்னு தினம் ஸ்கூல் விட்டு மைதானத்துக்குப் போயி, மழையில நின்னு கத்திக் கத்திப் பழகினேன். ரத்தம் வந்துச்சு. அப்பவும் விடல."

ரெமிஜியஸின் அழுகை நின்றது. கிரீடம் சரிந்து ஒரு காதில் தொங்கியது, அதை அவன் சரிசெய்யவில்லை. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நானும் கேட்டேனா என்று பார்த்தான் போலிருக்கிறது.

"எம்மேல பொறாமையா? உனக்கா?"

நோரா தலையாட்டினாள். அவன் மெழுகுத் தலையைப் பியாட்ரிஸின் மடியில் வைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தொண்டை வலிக்காம மெதுவாச் சொல்லும்மா" என்றான். "எத்தனை நாளா?"