பட்டியலில் பதினோராம் வரி

காக்கநாட்டில் ஒரு ஜீன் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தேன். நோயாளியிடம் இயக்கம் மாறியிருக்கும் ஜீன்களை அவை செய்யும் வேலைப்படி வகை பிரித்து, எந்த வகை வழக்கத்துக்கு மீறி வந்திருக்கிறது என்று சொல்வது என் தொழில். கம்ப்யூட்டர் பத்து நிமிடத்தில் பட்டியல் கொடுத்துவிடும். அதற்கு அர்த்தம் சொல்லும்போதுதான் நாம் மாட்டிக்கொள்வோம். நான் நன்றாகவே மாட்டிக்கொண்டேன்.

மிளகு வியாபாரத்துக்குப் பேர்போன எங்கள் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு குடோனில் வேலை செய்பவர் ஒருவர். அவருடைய ஏழு வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்து இருமலும் சளியும். மிளகுத் தூசிதான் காரணம் என்று ஆளாளுக்குச் சொல்ல, வேலையை விட்டு, வீட்டையும் விற்றுவிட்டுப் பாலக்காட்டுக்குப் போக முடிவு செய்திருந்தார். போகும் முன் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் குழந்தையின் மூக்குச் செல்களை எடுத்து எங்களுக்கு அனுப்பினார்.

பட்டியலின் முதல் வரி, நோய் எதிர்ப்பு. 'தூசி அலர்ஜிக்குப் பொருந்துகிறது' என்று எழுதி அனுப்பிவிட்டேன். டாக்டர் போன் செய்தார்.

"மேடம், பதினோராம் வரியில சிலியா அசைவுன்னு இருக்கே?"

சிலியா என்பது செல்லின் மேலுள்ள நுண்ரோமம். சளியை வெளியே தள்ளுவது அதுதான்.

"மூக்குச் செல்லு டாக்டரே. சிலியா வராம பின்ன என்ன வரும்?"

"சரி, பேக்கிரவுண்டை மாத்தி ஒருக்கா ஓட்டிப் பாருங்க."

பேக்கிரவுண்ட் என்றால் எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது. மட்டாஞ்சேரியில் நாலு பேரைப் பிடித்தால் இரண்டு பேர் மிளகு வியாபாரியாக இருப்பதில் அதிசயமில்லை. காக்கநாட்டில் அப்படிக் கிடைத்தால்தான் அதிசயம். நானோ மனித ஜீன்கள் அத்தனையோடும் ஒப்பிட்டிருந்தேன். அவர் வாயை அடைக்கலாம் என்று, மூக்குச் செல்லில் இயங்கும் ஜீன்களோடு மட்டும் ஒப்பிட்டு ஓட்டினேன். சிலியா காணாமல் போகும் என்று பந்தயமே கட்டியிருப்பேன்.

காணாமல் போனது நோய் எதிர்ப்பு. சிலியா முதல் வரியில் நின்றது. அந்த வகையில் வந்த ஜீன்கள் எல்லாமே ஒருசேர இயக்கம் குறைந்து கிடந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. சிலியாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கருவில் அவை சுழலும் திசைதான் இதயம் எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்று முடிவு செய்கிறது. கண்ணுக்கே தெரியாத ரோமம், இத்தனை பெரிய பொறுப்பு. இத்தனை வருடம் இதே வேலையில் இருந்தும் நான் என்னத்தைக் கண்டேன் என்று இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாள் அவர் குழந்தையையும் அம்மாவையும் வரவழைத்தார். நானும் போனேன். குழந்தைக்கு இதயம் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார்.

"வலப்பக்கம்தான் டாக்டரே. மோளைக் கட்டிப் பிடிச்சு உறக்கும்போ தெரியும். முன்னே ஒரு எடத்துல எக்ஸ்ரேலயும் அப்படித்தான் வந்துது. ஃபிலிமைத் திருப்பி வெச்சுட்டாங்கன்னு பறஞ்சு அனுப்பிட்டாங்க."

அவர் குழந்தையின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வலப்பக்கம் வைத்தார். துடிப்பு அங்கேதான் கேட்டது. பிறகு மூக்குச் செல்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ரோமங்கள் அசையவே இல்லை. பிறவிக் கோளாறு, அதற்கான சிகிச்சை வேறு, ஊரை விட வேண்டியதில்லை என்று விளக்கினார்.

அந்த அம்மா என்னிடம் திரும்பினாள். "அப்போ தூசி இல்லையா மேடம்? ஏழு வருஷமா தெனம் மூணு நேரம் வீட்டைத் துடைக்கறேன். நான் துடைச்சது போதலைன்னுல்ல நெனச்சேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் முதல் அறிக்கையை நம்பியிருந்தால், பாலக்காட்டிலும் அவள் துடைத்துக்கொண்டே இருந்திருப்பாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டோம் என்று பார்க்காமல் 'பொருந்துகிறது' என்று எழுதாதீர்கள். எழுதுவது நாம். சுமப்பது வேறொருத்தி.