வட்டம் போட்ட வரி

என் நாத்தனாருக்கு அந்த மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் 'சந்தேகம்' என்றே பெயர். பழைய தலைவர் வைத்தது. தேநீர் மேசையில் அவர், அவள், சோதனைக் குழாய் கழுவுகிறவர், கூட்டிப் பெருக்கும் நான், எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருவோம்.

"என்ன சந்தேகம், இன்னிக்கு எதை உடைக்கப் போற?" என்பார்.

"உங்க கணக்கைத்தான் சார்."

சிரித்துவிட்டு, அவள் சொன்னதைக் கரும்பலகையில் எழுதி வட்டம் போடுவார். எனக்கு எழுத்து தெரியாது; வட்டம் தெரியும். அதற்குள் இருப்பதைத் துடைக்கக் கூடாது. தப்பாக இருந்தாலும் பத்து நாள் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒரு தப்பிலிருந்துதான் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு மருந்தே பிறந்தது. யார் இல்லையென்றாலும் நான் ஒப்ப மாட்டேன்.

பிறகு ஆட்சி மாறியது, தலைவரும் மாறினார். புதியவர் முதல் வாரமே தேநீர் மேசையைத் தூக்கிவிட்டார். கதவுகளுக்குப் பூட்டு வந்தது. ஆட்கள் குரலைத் தாழ்த்தினார்கள். அப்புறம் பேசுவதையே விட்டார்கள்.

சந்தேகம் மட்டும் விடவில்லை. மூன்று நாள் வெயிலில் வைத்த மருந்து கலங்கிப்போனதைக் கண்டு, அதைப் பலகையில் எழுதிவிட்டாள். இப்படியே லாரியில் ஏற்றினால் பிள்ளைகளுக்கு விஷமாகிவிடும் என்று என்னிடம் சொன்னாள். சாயங்காலம் புதியவர் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"காலையில பெரிய ஆளுங்க வராங்க. வட்டம் போட்டதைப் பாத்துக்கம்மா."

பார்த்துக்கொண்டேன். பலகை முழுவதையும் துடைத்து, அந்த ஒரு வரியை மட்டும் பொன்னாகக் காத்தேன்.

வந்தவர்கள் நேரே அதன் முன்தான் நின்றார்கள்.

"யார் எழுதினது?"

புதியவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான்" என்று எழுந்தாள் சந்தேகம்.

"வேற யாருக்காவது இப்படித் தோணுதா?"

பதினோரு பேர் இருந்தார்கள். மேசை இருந்த காலத்தில் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசியவர்கள். எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

மத்தியானம் அவளை ஏற்றிப் போக வாசலில் வண்டி நின்றது. புதியவர் வட்டம் போட்டது துடைக்கச் சொல்லி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அழாதீங்க அண்ணி. ஒரு காலை நேரமாவது அந்த வரி நாலு பேர் கண்ணுல பட்டுச்சே" என்றாள். அதன்பின் அவளைப் பற்றித் தகவல் இல்லை.

லாரிகள் அன்றே கிளம்பின, மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

நேற்று மருந்து எங்கள் தெருவுக்கு வந்தது. கையில் தாளோடு கொடுக்க வந்த ஒருவன் என் பேத்தியை அனுப்பச் சொன்னான். மாட்டேன் என்றேன்.

"ஏன்?"

"சந்தேகம்."

அவன் தாளில் எதையோ எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டான்.