பச்சை ஜன்னலும் மஞ்சள் ஜன்னலும்

ஆளிவிதை எண்ணெயில் சீமைச்சுண்ணாம்பைப் பிசைந்து கண்ணாடி பதிக்கிற மக்கு வாசனை… எத்தனை தடவை கை கழுவினாலும் போகாது. சோற்றில் கை வைத்தால் சோற்றிலும் அதுதான். அந்த மாதம் முழுக்க எனக்கு அது சந்தன வாசனையாக இருந்தது.

காரணம் உண்டு நண்பர்களே. அதுவரை குடியாத்தத்தில் என் மச்சானிடம் பலகை இழைத்துக்கொண்டிருந்தேன். எதைச் செய்தாலும் நொட்டை சொல்வார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் ஜன்னல் போடுவதுதான் நான் தனியாகப் பிடித்த முதல் வேலை. அது கெட்டால் திரும்ப மச்சான் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் கூடத்தில், வடக்குச் சுவரில் நான்கு ஜன்னல். அதுவரை வெறும் கம்பிதான், ஒரே தூசு. முதலாளி பட்டணத்துக்குக் கிளம்பும்போது சொன்னார்: “ஆசாரி, கண்ணாடி போட்டுடு. பாக்கறவன் மூக்கு மேல வெரல வைக்கணும்.”

நான் வேலூரில் ஒரு பங்களாவில் கலர் கண்ணாடி பார்த்து மயங்கிக் கிடந்தவன். விடுவேனா? ஜன்னலுக்கு ஒரு நிறம்… மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம்!

திங்கட்கிழமை காலை எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். தோல் பதனிட மரப்பட்டை ஊறவைக்கிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு தரம் பிரிக்கிறவர்கள் உட்கார்ந்தார்கள். மஞ்சள் ஜன்னலில் காதர் பாய், பச்சையில் முனுசாமி. பத்து வருஷ தோஸ்துகள், ஒருவர் பிரித்ததை இன்னொருவர் சரிபார்ப்பது வழக்கம். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிட்டது, கண்ணாடியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். காதர் பாய் பிரித்ததெல்லாம் முதல் தரம். முனுசாமி அதையே எடுத்துக் கழிவில் போட்டுக்கொண்டிருந்தார்.

“யோவ் முனுசாமி, உன் கண்ணுக்கு இன்னா ஆச்சு? தங்கமாட்டம் இருக்குது, தூக்கிப் போடற?”

“தங்கமா? பூஞ்சை பூத்துக் கெடக்குது பாய்! காலங்காத்தால பேஜார் பண்ணாத.”

காதர் பாய் கோபமாக எழுந்துபோய் அதே தோலை முனுசாமியின் மூக்குக்கு நேரே பிடித்தார். தோல் அவர் கண்ணுக்கும் பூஞ்சையாகத்தான் தெரிந்தது. முற்றத்து வெயிலுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். அங்கே பார்த்தால் முதல் தரமும் இல்லை, கழிவும் இல்லை, சாதாரண இரண்டாம் தரம்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து இறங்கினார். கூடத்துக்குள் நடந்தார். வெள்ளை ஜிப்பா மஞ்சளாச்சு, பச்சையாச்சு, சிவப்பாச்சு… என் மச்சானின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

“இது தோல் ஷாப்பா, திருவிழாக் கடையா?” என்றார்.

காதர் பாய்தான் வாயைத் திறந்தார். “கண்ணாடிய மாத்துங்க சாயபு, ஆள மாத்தாதீங்க. காலைலேர்ந்து பொட்டுத் தூசு உள்ள வர்ல. அப்டி அடைச்சிருக்கான்.”

முனுசாமியும் தலையாட்டினார். முதலாளி ஜன்னல் சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் ஜிப்பாவைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கழட்டி எம் புது வூட்டு மாடிக்குப் போடு. இங்க வெள்ளைக் கண்ணாடி. ரெண்டும் நீயே செய்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மக்குத் தூள் விழுந்துவிட்டது என்று சமாளித்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வாணியம்பாடி வரைக்கும் நான் போட்ட ஜன்னல்கள் இருக்கின்றன. இப்போது யார் கூப்பிட்டாலும், “அங்க யாரு உக்காருவாங்க, இன்னா வேலை செய்வாங்க?” என்றுதான் முதலில் கேட்கிறேன். “ஒரு ஜன்னலுக்கு இத்தினி கேள்வியா ஆசாரி?” என்று சிரிப்பார்கள். இப்போதெல்லாம் யார் வீடு கட்டினாலும் கலர் கண்ணாடி கேட்கிறார்கள், யாரும் வாயைப் பிளப்பதில்லை.

ஒரு தப்பும் இல்லாமல்தான் வேலை செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா… நான் செய்ததிலேயே அழகு அந்தக் கூடத்து நாலு ஜன்னல்தான். அங்கே அரை நாள்கூட இருக்கவில்லை.